கொன்வென்ற் வாசலில் நடந்த செயற்குழுக் கூட்டம்

உ
சிவமயம்

உரும்பிராய்.

கனடாவில் வசிக்கும் மதிப்புக்குரிய பெரியண்ணைக்கு, தம்பி சயந்தன் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். தோட்டத்து வெங்காயமும் சுகம். உங்கள் சுகத்தை நாள்தோறும் வட்ஸ்அப்பில் பார்ப்பதால் தனியாகக் கேட்கவில்லை. இந்த விடயத்தை அதிலே சொல்லாததற்குக் காரணம், நான் கதைக்கத் தொடங்கினால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவா. அண்ணியின் தங்கை கஜானி அடுத்த கிழமை கனடா திரும்புவதால் அவவிடம் ஒட்டிக் கொடுக்கிறேன். தனிய இருந்து வாசிக்கவும்.

மகள் சாருஜாவுக்கு வருகிற தையில் முதலாம் வகுப்பு. எங்கள் ஊர்ச் சைவப் பாடசாலையில் பத்துப் பிள்ளைகள் சேராவிட்டால் இனி முதலாம் வகுப்பே இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதிபர் பராசக்தி ரீச்சர் அழாத குறையாகப் பழைய மாணவர் சங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னா. அந்த வகுப்புக்குக் கட்டடம் கட்டித் தந்த நீங்கள்தான் என்னைச் சங்கத் தலைவராக்கியதும். ஆகவே கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து முக்கால் மணித்தியாலம் பேசினேன். சைவப் பிள்ளை சைவப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவேணும் என்ற இடத்தில் நல்ல கைதட்டல். பிறகு செயலாளர் சிவகரனும் பொருளாளர் பிரவீணனும் நானுமாக வீடு வீடாகப் போனோம். எங்கள் மூன்று பேருக்கும் அதே வயதில் பிள்ளை இருக்கிறது. உங்கடை பிள்ளையை முதல் சேர்த்தாச்சோ என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவு மரியாதை.

வீட்டை வந்தால் உதயகலா குசினியிலை முதுகைக் காட்டிக்கொண்டு, "பேச்சு நல்லாயிருந்தது. நாளைக்கு ரவுணிலை கொன்வென்ற் பள்ளிக்கூடத்திலை அப்பிளிக்கேசன் குடுக்கினம், போய் வாங்கியாங்கோ" எண்டா. நான் சங்கத் தலைவர் எண்டதை ஞாபகப்படுத்தினன். "தலைவர் வெள்ளனப் போனால்தான் வரிசையிலை முன்னுக்கு நிக்கலாம்" எண்டா. எனக்கும் கொள்கை இருக்கு அண்ணை. ஆனா அந்தப் பிள்ளையள் வெள்ளைச் சட்டையோடை இங்கிலீசிலை கதைச்சுக்கொண்டு போறதைப் பாக்க எனக்கும் ஆசை வருது, பொய் சொல்லப்படாது. என்ரை பிள்ளை நல்லா வரவேணும் எண்டு எனக்கு இருக்காதோ?

விடியப் போய் ஹெல்மெற்றைக் கழட்டாமல் வரிசையிலை நிண்டனான், ஒருத்தருக்கும் தெரியாது எண்டு. எனக்கு முன்னாலை நிண்டவரும் ஹெல்மெற்றோடை. அவருக்கு முன்னாலை நிண்டவரும் அப்பிடித்தான். வெயில் ஏற, எனக்கு முன்னுக்கு நிண்டவர் தாங்கேலாமல் கழட்டிப்போட்டார், பாத்தால் சிவகரன். அவனுக்கு முன்னாலை பிரவீணன். திரும்பினால் செயற்குழு முழுக்க நிக்குது, அதுக்குப் பின்னாலை நாங்கள் வீடு தேடிப் போய்க் கதைச்ச சனம் நிக்குது. பேந்து சிவகரன்தான் "தலைவர், கோரம் இருக்கு" எண்டான். மூண்டு தரம் கூட்டம் வைச்சும் ஆக்கள் காணாமல் சேராத கோரம், வீணாக்கலாமோ? தொடக்கினன். தேவாரத்தோடைதான் கூட்டம் தொடங்கவேணும் எண்டு எங்கடை சங்க யாப்பிலை கிடக்கு, பிரவீணன் மெல்லமாப் பாடினான், வாசல் காவலாளி எழும்பி நிண்டவர். ஊர்ப் பிள்ளைகளை வெளிப் பாடசாலைகளில் சேர்க்கும் பெற்றாரை வன்மையாகக் கண்டிப்பதெனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வழிமொழிய வேண்டியவரை அந்த நேரம் பாத்து உள்ளுக்குக் கூப்பிட்டிட்டினம். அவர் அப்பிளிக்கேசனை வாங்கிக்கொண்டு வந்து வழிமொழிஞ்சார்.

நேர்முகத்திலை சிஸ்ரர் அன்பாத்தான் கதைச்சா. ஏன் எங்கடை பள்ளிக்கூடம் எண்டு கேட்டா. என்னட்டை இருக்கிறது ஒரு பேச்சுத்தானே அண்ணை, மண்டபத்திலை பேசினதையே பேசினன், சைவம் எண்டு வாற இடத்திலை ஒழுக்கம் எண்டு மாத்தினன். "இந்தப் பேச்சை இண்டைக்கு நாலாந்தரம் கேக்கிறன்" எண்டு சிஸ்ரர் சொன்னா. பிறகு சாருஜாவைப் பாத்து, அப்பா என்ன செய்யிறவர் எண்டு கேட்டா. "எல்லா வீட்டையும் போய், கொன்வென்றுக்குப் போகாதேங்கோ எண்டு சொல்லுறவர்" எண்டாள் பிள்ளை. பொய் சொல்லப் பழக்கேல்லை, அது எங்கடை வளர்ப்பு.

எப்படியும் இடம் கிடைக்கும் என்றே நம்புகிறேன். ஆகவே தையில் நீங்கள் கட்டடத் திறப்புக்கு வரும்போது சாருஜாவை வேறு சீருடையில் கண்டு கோவிக்க வேண்டாம். உங்கள் கோபத்துக்கு எனக்குச் சின்னனிலிருந்தே பயம். அண்ணிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஊர்ப் பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த சீனியையும் தரட்டும்.

இங்ஙனம்,
தம்பி சயந்தன்

பி.கு.: ஒட்டின கடிதத்தை உடைச்சு எழுதுறன். கொன்வென்ற் பட்டியல் வந்திட்டுது, எங்கடை ஊரிலை ஒரு பிள்ளைக்கும் கிடைக்கேல்லை. அடுத்தநாள் விடிய ஒன்பது பேர் ஒன்பது பிள்ளையளோடை ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலை நிண்டம், இந்தமுறை ஹெல்மெற் இல்லாமல். முன்னமே ஒரு பிள்ளை பதிஞ்சிருந்ததாம், பத்தாச்சு. வகுப்பு நடக்கும். ஆகவே மேலே எழுதியவை யாவும் இரத்து. பராசக்தி ரீச்சர் என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு, "தலைவர், எல்லாம் உங்கடை பேச்சாலைதான்" எண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்திட்டுது. ஞாயிறு எனக்குப் பாராட்டு விழா. அதிலை பேசுறதுக்காக, முதல் பதிஞ்ச அந்த ஒரு பிள்ளை ஆற்றை வீட்டுப் பிள்ளை எண்டு விசாரிச்சன். நாங்கள் போக மறந்த வீடாம்.