உப்புக்கல்லின் நான்கு சீட்டுகள்

பழைய கற்களைச் சேர்க்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நகைக்கடைக் கல் இவர்களுக்கு வேண்டாம். சுரங்கத்தில் வெட்டிய சாதாரணக் கனிமத் துண்டு போதும்; ஆனால் அது நூறு வருஷமாவது கை மாறி வந்திருக்க வேண்டும், மாறிய ஒவ்வொரு கையும் ஒரு விவரச் சீட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாத கல்லும் ஜல்லியும் இவர்களுக்கு ஒன்றுதான்.

நம்முடைய ஆள் பல் டாக்டர். வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் கையில் பூதக்கண்ணாடியைத் திணித்து, பழுப்பேறிய தாளைக் காட்டி, இந்த மசி எந்தச் சுரங்க மேஸ்திரியுடையது, இந்த எண்ணை அடித்துத் திருத்தியவர் யார் என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் தப்பித்தவறி, "கல்லு அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

இவருடைய பொக்கிஷம் இருநூறு வருஷத்து உப்புக்கல். அதற்கு நான்கு சீட்டுகள். பதினெட்டு வருஷமாகக் கல் சேர்ப்பவர்கள் சங்கத்தின் கண்காட்சியில் கடைசி மேஜையிலேயே கிடந்தவர், இந்த முறை முதல் மேஜைக்கு ஆசைப்பட்டார். முடிவு சொல்ல ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவரே, ஓய்வுபெற்ற நீதிபதி, வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மனைவி, தலைவர் வருகிறாரே என்று நல்ல மனதோடு, சீட்டுகளைப் பெட்டிகளிலேயே விட்டுவிட்டு, மேல்தட்டுக் கற்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். உப்பு தண்ணீரில் என்ன செய்யும்?

"என்னங்க, ஒண்ணு மட்டும் காணோம். கரைஞ்சிருச்சு போல."

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "சீட்டு?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு."

போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதிக்கு வழி தெரியாமல், பெட்டியில் பஞ்சு வைத்து நான்கு சீட்டுகளையும் அதன்மேல் பரப்பினார்.

நீதிபதி வந்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் இருபது நிமிஷம் நிமிரவில்லை.

"மூணாவது சீட்டுல மூலை கிழிஞ்சிருக்கே?"

"வாங்கும்போதே அப்படித்தான் சார்."

"சரி. முதல் மேஜையிலயே வெச்சிரலாம்."

டீ கொண்டுவந்த மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, அதுல கல்லே..."

"கல்லு யார்கிட்டதாம்மா இல்ல? இந்தக் கையெழுத்து யார்கிட்ட இருக்கு?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, உங்கள் பட்டம், அதன் பக்கம் ஒரு தடவை திரும்புங்கள். பயப்படாதீர்கள், அதற்காகப் படித்ததில் ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்கமாட்டேன். முத்திரை தெளிவாக இருக்கிறதா?