மச்சானின் எடைக்குத் தக்க தளம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். இங்கு என்றால் வீட்டுக்குப் பின்னால். அங்கு நீங்களும் நலமாக, பழைய எடையிலேயே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எடையை ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இங்கே வர வேண்டாம். மறுபடியும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொள்ளும் அளவுக்காவது முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளவும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் தங்கை யாரிடம் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நீங்களும் அப்படியே. உங்கள் குடும்பத்தில் ரகசியம் பேச வேண்டுமென்றால் தபால் ஒன்றுதான் வழி.

அந்த மழைக்காலத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் கொல்லையில் நாற்காலி போட்டு உங்களை உட்கார வைத்தோம். நீங்கள் சாய்ந்தீர்கள். நாற்காலியின் பின்கால் இரண்டும் ஈரமண்ணில் இறங்கின. நீங்கள் டீக் கோப்பையை விடாமல் பிடித்தபடியே மல்லாந்தீர்கள், கோப்பையின் காது மட்டும் கையில் மிஞ்சியது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். நீங்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "நாலு பேர் உட்கார ஒரு கெட்டித் தரை போட வக்கில்லை. தரை போட்டுட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், இன்றுவரை வரவில்லை. உடைந்த கோப்பைக்குப் பதிலாக உங்கள் தங்கை ஒரே ஒரு கோப்பை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். அதில் யாரும் குடிக்கக் கூடாது. நான் ஒருமுறை தெரியாமல் அதை எடுத்தேன். அவள் திட்டவில்லை. கையிலிருந்து வாங்கி, கழுவி, துடைத்து, திரும்ப வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் அவள் உங்களிடம் போனில், "தரை போட ஆள் வந்தாச்சுண்ணா" என்று சொன்னதும், அதைக் கேட்டு நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றதும் உண்மை. ஆள் வந்தார். தரைதான் வரவில்லை.

ஆள் என்பது கொத்தனார். தங்கமான மனிதர், எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனைக்கு எத்தனைங்க சார்?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் பத்துக்குப் பத்து என்று வாயில் வந்ததைச் சொல்லி முடித்திருப்பார்கள். நான் ஆயுள் முழுக்கக் கடைத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தியவன். சோதிக்காத அளவு என் வாயில் வராது. "அளவைச் சோதனை பண்ணிச் சொல்றேன்" என்றேன். "பண்ணிடலாங்க" என்றார். அதோடு சனி பிடித்தது.

பத்துக்குப் பத்து கயிறு கட்டி, சாப்பாட்டு மேசையையும் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு வந்து கயிற்றுக்குள் போட்டு, நான், உங்கள் தங்கை, எங்கள் மகள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். கச்சிதமாக இருந்தது. ஆனால் எழுந்தபோது உங்கள் மருமகள் தள்ளிய நாற்காலி கயிற்றைத் தாண்டி வெளியே போனது. "அப்பா, எழுந்திரிக்காம இருந்தா பத்தடி போதும்" என்றாள். பன்னிரண்டு ஆக்கினேன். அடுத்து உங்கள் தங்கை தட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். "நான் என்ன நண்டா, பக்கவாட்டுலயே நடக்க?" என்று கேட்டாள். பதினான்கு. பிறகு மாலை வெயில் மேசைமேல் விழுகிறது என்று பீரோவைக் கொண்டுவந்து மேற்கே நிறுத்தினோம். பீரோ நிழலில் சோபா போட்டால் நன்றாக இருக்குமென்று சோபா வந்தது. சமையலறைக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்துபோகிறது என்று ஃப்ரிட்ஜ் வந்தது. ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அடுப்பு மட்டும் உள்ளே இருப்பானேன் என்று அதுவும் வந்தது. இப்போது நாங்கள் குடியிருப்பதே கயிற்றுக்குள்தான். ஹாலில் ஒரு பொருள் கிடையாது. அங்கே தும்மினால் இரண்டு தடவை கேட்கிறது. அன்றைக்கு உங்கள் மருமகள் ஹால் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க எவ்வளவு இடம் பாரு, பத்து பேர் தாராளமா உட்காரலாம், தரையும் ஏற்கெனவே போட்டிருக்கு" என்றாள். அவள் சொன்னதில் தவறு ஏதுமில்லை என்பதால் அவளைச் சாப்பிடக் கயிற்றுக்குள் கூப்பிட்டோம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தளமே உங்களுக்காகத்தான் என்பதால் நீங்கள் இல்லாமல் சோதனை செல்லாது. ஆகவே ஒரு சாக்கில் மணலை நிரப்பி, நீங்கள் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரை மாட்டி, உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தேன். எடையில்தான் தகராறு. கண்ணால் பார்த்தே கிலோ சொல்லும் அனுபவத்தில் எண்பத்தைந்து என்றேன். உங்கள் தங்கை எழுபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. "எங்கண்ணன் எலும்புதான் பெருசு. இங்கேருந்து போனதுலருந்து சரியா சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றாள். காலையில் அவள் இரண்டு படி மணலை அள்ளி வெளியே போடுவாள், மாலையில் நான் அதைத் திரும்பப் போடுவேன். தினமும் நீங்கள் காலையில் இளைத்து மாலையில் பெருத்துக்கொண்டிருந்தீர்கள்.

மூட்டையும் உங்களைப் போலவே பின்னால் சாய்ந்து, உங்களைப் போலவே மண்ணில் இறங்கியது. விழும்போது ஒன்றும் சொல்லாதது ஒன்றுதான் வித்தியாசம். தூக்கி நிறுத்துவேன், மறுபடி இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் மதிலுக்கு மேலாக அதைப் பார்த்து, "எப்ப வந்தீங்க? சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார். மூட்டை பேசவில்லை. அவர் உங்கள் தங்கையிடம் போய், "உங்க அண்ணனுக்கு இன்னும் கோபம் தணியல போலிருக்கே" என்று வருத்தப்பட்டார். உங்கள் மருமகளோ ஆபீஸிலிருந்து வந்ததும் மூட்டைக்கு எதிரே உட்கார்ந்து மேனேஜரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிட்டாள். "மாமா குறுக்கே பேசாம கேட்கிறார்ப்பா. நிஜ மாமாவுக்கு இந்தப் பொறுமை வராது" என்கிறாள். உங்கள் தங்கை மூட்டைக்கு முன்னால் தினமும் தண்ணீர் வைக்கிறாள். ஆனால் அந்தக் கோப்பையில் இல்லை. அது மூட்டைக்கும் கிடையாது.

எதைக்கொண்டு தளம் போடுவது என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். கடை கடையாக ஏறி ஓடு, கல், செங்கல் எல்லாவற்றிலும் மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தேன். கருங்கல்லை உச்சி வெயிலில் வைத்து வெறுங்காலால் ஏறி நின்று சோதித்தேன். முடிவு சீக்கிரமே தெரிந்துவிட்டது, கொப்புளம்தான் ஆற நாளாகிறது. வெள்ளை ஓடு சுடவில்லை, ஆனால் கண் கூசி உங்கள் தங்கை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். வழவழ ஓட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்குகிறதா என்று பார்ப்பதற்குள், மாதிரி பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, பூச்செடிமேல் விழுந்தார். "விழுந்துட்டீங்களா?" என்று உங்கள் மருமகள் கேட்டாள். சொரசொரப்புக் கல்லில் நாற்காலியை இழுத்தால் தெருநாய்கள் அத்தனையும் பதில் குரல் கொடுக்கின்றன. கொத்தனாரைக் கேட்டால், முந்தைய வேலையில் அவருக்கு மீந்துபோன சிவப்பு ஓட்டைத்தான் ஒவ்வொரு முறையும் சிபாரிசு செய்கிறார். "உங்க இடத்துக்குன்னே அளவெடுத்த மாதிரி மிஞ்சியிருக்குங்க" என்கிறார். தளமோ மூன்று தடவை அளவு மாறிவிட்டது. மிச்சமும் கூடவே வளர்கிறது போலிருக்கிறது. தேறாத துண்டுகளைக் குப்பைக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, உடைத்து உங்கள் நாற்காலிக்கால் விழுந்த குழிகளிலேயே போட்டு மிதித்துவருகிறோம்.

செலவுக்குக் கணக்குப் போட்டவள் உங்கள் தங்கை. அவளுக்கு எந்தத் தொகையும் ரூபாயில் புரியாது. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜாக மாற்றித்தான் யோசிப்பாள். முதல் மதிப்பீடு ஒன்றேகால் ஃப்ரிட்ஜ். இது அங்கீகரிக்கப்பட்ட அளவை அல்ல என்று முன்னாள் அதிகாரி என்ற முறையில் ஆட்சேபித்தேன். "அப்ப உங்க பென்ஷன்ல எத்தனை ஃப்ரிட்ஜ் வருதுன்னு சொல்லுங்க" என்றாள். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பதினான்கடி ஆனதும் இரண்டாயிற்று. இப்போது கொத்தனாருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. "கம்பி கட்டிப் போட்டா இன்னும் அரை ஃப்ரிட்ஜ் ஆகுங்க, மேல கூரை போட்டா ஒரு வாஷிங்மெஷின் சேருங்க" என்கிறார். கயிறு இன்றைய தேதியில் கிழக்கே மதிலையும் மேற்கே மதிலையும் தொட்டுவிட்டது. தெற்கேயும் மதில், வடக்கே வீட்டுச் சுவர். இன்னும் இரண்டடி வேண்டுமென்றேன். "சமையல்ரூமை இடிச்சுப் போட்டுடலாங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மச்சான், நிலைமை இதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தீர்களானால் பார்ப்பதற்கு மண், கயிறு, ஒரு ஃப்ரிட்ஜ், உங்கள் ஸ்வெட்டரோடு ஒரு மூட்டை. நீங்கள் வாசலோடு திரும்பிவிடுவீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை, சொன்ன சொல் காப்பாற்றிய பெருமை. எனக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் இப்போதே அலமாரியைத் திறந்து திறந்து மூடுகிறாள். கோப்பையில் தூசு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாம். நீங்கள் இன்னொரு முறை திரும்பிப் போனால் அந்தக் கோப்பையை அவள் எடுத்து உள்ளே பூட்டிவிடுவாள், பிறகு நான் இத்தாலிப் பளிங்கில் தளம் போட்டாலும் அது வெளியே வராது. ஆகவே முட்டிவலி என்றோ, ரயிலில் இடமில்லை என்றோ ஏதாவது சொல்லி இரண்டு மாதம் தள்ளிப்போடவும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் பொய் சொல்லிப் பழகாதவர் என்பது தெரியும். முட்டிவலி என்று சொல்லும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளவும், தானாக வரும்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லோரும் திடமான தரையில் நீடூழி உட்கார்ந்திருக்க வேண்டுமென்று விழைந்து,

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்ட எச்சில் தொட்ட நேரத்தில் வாசல் கேட் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய நீங்கள் இன்றே வந்துவிட்டீர்கள். ஹாலைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, வீட்டைக் காலி பண்றீங்களா?" என்று கேட்டபடி நேரே கொல்லைக்குப் போனீர்கள். மூட்டையைப் பார்த்து, "இது யாரு?" என்றீர்கள். "நீங்கதான் மாமா" என்றாள் உங்கள் மருமகள். உங்களை நீங்களே தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பிறகு சாய்ந்தீர்கள். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. மதில்மேல் நாலாவதாகப் பக்கத்து வீட்டுக்காரரும் விடவில்லை. ஒன்றும் இறங்கவில்லை. காலால் தரையைத் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு. எப்ப போட்டீங்க?" என்று கேட்டீர்கள். உங்கள் தங்கை அலமாரியைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆகையால் மேலே ‘வர வேண்டாம்’ என்று கண்ட இடத்திலெல்லாம் ‘வந்ததற்கு நன்றி’ என்று திருத்திப் படிக்கவும். முட்டியைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. தபால் செலவு மிச்சம், கையிலேயே தருகிறேன்.

இதை எழுதும்போதே கொத்தனார் கடப்பாரையோடு வந்து நிற்கிறார். சிவப்பு ஓட்டுக்கு ஓரடி ஆழம் தோண்ட வேண்டுமாம், பெரியவர் கொஞ்சம் எழுந்திருக்க வேண்டுமாம். நீங்கள் கோப்பையைக் கீழே வைக்காமல், "இப்பத்தான் உட்கார்ந்தேன்" என்று சொல்வது இங்கே கேட்கிறது. அவள், "எங்கண்ணன் எழுந்திரிக்கும்போது பார்த்துக்கலாம்" என்கிறாள். கொத்தனார் யோசித்துவிட்டு, "அப்ப பெரியவரை விட்டுட்டுச் சுத்திப் போட்டுடலாங்க" என்கிறார். நடுவில் விடவேண்டிய இடம் எத்தனைக்கு எத்தனை என்று என்னைக் கேட்கிறார். டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன். தயவுசெய்து அசையாமல் உட்கார்ந்திருக்கவும்.