ஏரியைக் காத்த சங்கமும் எல்லைக்கல்லும்

அயனம்பாக்கம் ஏரியை இந்தப் பூமியில் யாரேனும் உண்மையாக நேசித்தார்கள் என்றால், அது 'நீரலை' குடியிருப்போர் நலச் சங்கம்தான். ஏரியின் நலன் கருதி மட்டும் நாற்பத்தோரு தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறார்கள். கரைக்குப் போனால் கொசு கடிக்கும் என்பதால், நேசத்தைப் பெரும்பாலும் பால்கனியிலிருந்தே செலுத்தினார்கள்.

அப்பேர்ப்பட்ட ஏரியின் எல்லைக்கல் ஒன்றைக் காணவில்லை. புதன்கிழமை அளக்க வருகிறேன், கல்லைக் காட்டவும் என்று சர்வேயர் கடிதம் போட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவசரக் கூட்டம் கூடியது. ஒரு நிமிட மௌனத்துக்குப் பின், சந்தேகம் முறைப்படி கலைவாணியின் மேல் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? அறுபத்து நான்கு வயது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் உதிரிபாகங்களின் அளவைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஒரு பழைய வேனில் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் பொருத்திக்கொண்டு தனியாக ஊர் சுற்றுகிறார். நான்கு நாளாகக் கரையோரம் நிற்கிறார். நிலையான முகவரி இல்லாதவருக்கு நிலையான ஒழுக்கம் எப்படி இருக்கும் என்று செயலாளர் ஹேமநாதன் கவலைப்பட்டார்.

மூவர் குழு வேனைச் சோதித்தது. இட்லிப் பானை, இரண்டு போர்வை, தொட்டியில் ஒரு கற்பூரவல்லி. கல் இல்லை. கலைவாணி மூவருக்கும் டீ கொடுத்தார். குழு அதைக் குடித்துவிட்டு, 'சந்தேகத்துக்கிடமான விருந்தோம்பல்' என்று குறித்துக்கொண்டது.

அடுத்து, குடியிருப்பின் காவலாளி உலகநாதன் சிக்கினார். இந்த ஊரிலேயே பிறந்தவர். அந்தக் கல்லைப் பார்த்திருப்பதாக ஒப்புக்கொண்ட ஒரே ஆள். அந்தக் குற்றத்துக்காக, புதன்கிழமையோடு வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். அவர் வேன் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"கல்ல நான் இன்னாத்துக்கும்மா எடுக்கப் போறேன்? பத்து வருசமா இந்த கேட்டாண்டதான் நின்னுகினு கீறேன்."

தன்னைச் சோதித்தபோது வராத கோபம் கலைவாணிக்கு அப்போது வந்தது. கல் எங்கே இருந்தது என்று கேட்டார்.

"மதகுலேந்து நாப்பது தப்படி. ஒத்தப் பனமரத்தாண்ட. மரம் இப்ப சுவத்துக்கு அந்தாண்ட பூட்ச்சி. அங்க எங்கள உட மாட்டாங்க."

புதன்கிழமை காலை, சர்வேயர் பரந்தாமனைக் கையோடு அழைத்துக்கொண்டு கலைவாணி மதகிலிருந்து எண்ணினார். இருபத்தைந்தாவது தப்படியில் சங்கம் போன மாதம் எழுப்பிய 'ஏரிப் பாதுகாப்புச் சுவர்' குறுக்கே நின்றது. வாசல் வழியாகச் சுற்றிப் போய், மீதிப் பதினைந்தை உள்ளே எண்ணினார்.

பனைமரம் இருந்தது. அதன் நிழலில் பூப்பந்து மைதானம். ஓரத்தில் வெள்ளை பூசி, மேலே மெத்தை போட்ட நடுவர் ஆசனம். அதில் ஹேமநாதன் அமர்ந்து ஆட்டத்துக்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுந்திருக்கச் சொல்லி மெத்தையை எடுத்ததும், பெயின்ட்டுக்கு அடியில் எல்லைக்கல்லின் எண் தெரிந்தது. ஏரியின் எல்லை அங்கே; அதைப் பாதுகாக்கும் சுவரோ பதினைந்து தப்படி ஏரிக்குள்ளே.

ஹேமநாதன் அசரவில்லை. அங்கேயே கூட்டத்தைக் கூட்டினார். கலைவாணிக்குப் பாராட்டு. உலகநாதனுக்குத் திரும்ப வேலை. மூன்றாவதாக, ஏரி நிலத்தில் வேன் நிற்பது அப்பட்டமான ஆக்கிரமிப்பு என்பதால் அதை உடனே அகற்றக் கோரியும் ஒரு தீர்மானம். மூன்றும் ஏகமனதாக நிறைவேறின.

"அதுக்கென்ன சார், அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுறேன்," என்றார் கலைவாணி. "உங்க சுவர் கிளம்ப எவ்ளோ நேரமாகும்?"

ஹேமநாதன் சர்வேயரைப் பார்த்தார். பரந்தாமன் பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்."