வேட்டி கட்டிய நதித் தேவன்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் எடுக்க மாப்பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு இருப்பது. எனக்கு அது வராது.

மாமா திருக்கோகர்ணத்தில் புது வீடு கட்டி முடித்திருந்தார். நான் அப்போதுதான் ஆபீஸ் வேலையாக ரோம் போய்த் திரும்பியிருந்தேன் (அதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சே தொடங்காது). அங்கே ஒரு மியூசியத்தில் பழங்காலப் பளிங்கு நீரூற்றுச் சிலையைப் பார்த்துச் சொக்கிப்போனேன். நதித் தேவனாம். தொப்பையும் தாடியுமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் சாய்ந்த குடத்திலிருந்து தண்ணீர் கொட்டும்படி செதுக்கியிருந்தார்கள். அதேபோல் ஒன்று செய்து கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் வைக்கிறேன் என்று வாயை விட்டேன்.

மாமாவின் கவலையோ வேறு. கோபித்துக்கொண்டு சில வருடங்களாகப் பேசாமல் இருந்த அவருடைய அக்கா பொன்னமராவதியிலிருந்து வருவாரா, மாட்டாரா? நேரில் போய் அழைத்தும் பதில் இல்லை.

அரிமளத்துச் சிற்பி ஒருவரிடம் ரோமில் எடுத்த போட்டோவைக் கொடுத்திருந்தேன். விசேஷத்துக்கு முதல்நாள் வேனில் வந்து இறங்கிய சிமெண்ட் சிலைக்குத் தாடியைக் காணோம். முறுக்கு மீசை இருந்தது. இடுப்பில் வேட்டி வேறு.

"குடும்பம் இருக்குற வீட்டு வாசல்ல துணியில்லாமப் படுக்க வைக்கலாமாங்க? தாடி வெச்சா சாமியாருன்னு கால்ல விழுந்துருவாங்க" என்றார் சிற்பி.

குடத்தில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்தது. மறுநாள் பூஜையில் மிஞ்சிய மாலையை அழகுக்காக நானே அதன் கழுத்தில் போட்டேன். மீசை, தொப்பை, வேட்டி, எல்லாம் அச்சு அசலாக என் மாமனார் என்பது எனக்கு மட்டும் உறைக்கவில்லை. விருந்தாளிகள் ஒரு மாதிரி பார்த்ததை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

பந்தி நடக்கும்போது வாசலில் அலறல். மாமாவின் அக்கா, கொண்டுவந்த குத்துவிளக்கைக் கீழே போட்டுவிட்டு, மாலை போட்ட சிலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யோ தம்பி! ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தேனே! ஒன்னய மாதிரி தங்கமான பய உண்டா? அக்கா பேசலன்னா இப்பிடிப் போயிருவியா? எனக்கு ஒரு வார்த்த சொல்லாம செலையும் வெச்சுப்புட்டாய்ங்களே!"

எனக்கு உயிரே போய்விட்டது. தடுக்க ஓடினேன். சாம்பார்க் கை ஒன்று பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. மாமா! கண்கள் கலங்கியிருந்தன.

"போகாதீங்க மாப்ள. எங்க அக்கா என்னய நல்லவன்னு சொல்லி எத்தன வருசமாச்சு! இன்னுங் கொஞ்சம் அழுவட்டும்."

ஆற அமரக் கேட்டு முடித்த பிறகுதான், "அக்கா, எல போட்டாச்சு, வா" என்றார். திரும்பிப் பார்த்த அக்கா ஒரு நிமிடம் மலைத்து நின்றார். பிறகு ஓடிவந்து தம்பியின் முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, அவரையே கட்டிக்கொண்டு மறுபடி அழுதார். பந்தியே சிரித்தது. நான் மோட்டார் ரூமுக்குள் புகுந்துகொண்டேன்.

சிலையை எடுத்துவிடலாம் என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டேன். மாமா சம்மதிக்கவில்லை. அக்கா இப்போது அடிக்கடி வருகிறார். கேட்டைத் திறந்ததும் சிலையைப் பார்த்து, "போயிட்டியேடா தம்பி!" என்று ஒரு குரல் கொடுப்பார்.

"வாரேன்க்கா, காப்பி போடச் சொல்லிட்டு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.