போலந்துக்காரனுக்கு ஒரு நியாயம், பெற்றவனுக்கு ஒரு நியாயம்

மந்தைவெளி

அன்புள்ள மச்சான் மதிவாணனுக்கு, உன் அக்காள் புருஷன் செம்பியன் எழுதிக்கொண்டது. என் வயிற்றெரிச்சல் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். கொட்டிவாக்கத்தில் தங்கச்சி, பிள்ளைகள், உப்புக்காற்றில் துருப்பிடித்த உன் வண்டி எல்லாம் சுகம்தானே? போனில் பேசினால் உன் அக்காள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

விஷயம் என் மகள் கயல்தான். ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று, அதில் உலகத்தில் எவன் வேண்டுமானாலும் சம்பளமில்லாமல் வந்து புரோகிராம் எழுதலாமாம். ஆளுக்கொரு விதமாக இடம் விட்டு, வரி மடக்கி அலங்கோலமாக அனுப்புவார்கள். அதை ஒரே சீராக்கும் டூல் ஒன்றை இவள் பார்த்துக்கொள்கிறாள். போலந்துக்காரன் ஒருவன் குப்பையாக அனுப்பினான். அவனிடம், "பரவால்லைங்க, நீங்க வந்ததே சந்தோஷம், மிச்சத்தை டூல் பாத்துக்கும்" என்கிறாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்ட என்னிடம், "இன்னாப்பா, எத்தினி வாட்டி சொல்றது? அறிவு கீதா?" என்கிறாள். பத்தாவதை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன்தான் நான், ஆனாலும் எனக்கும் ரோஷம் உண்டே! சண்டை போட்டே தீருவது என்று என் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கிண்டி ஹரி என்று பொய்ப்பெயர் வைத்து, அந்த டூலைப் போட்டுப் பார்த்தேன். அதைப் போட இன்னொன்றைப் போடு என்கிறது, அதற்கு முன்னால் வேறொன்றாம். "புதுசா வர்றவன் வாசல்லயே செத்துடுவான். எங்க கடை மெஷின்ல ஒரே பச்சை பட்டன், குழந்தைகூட அமுக்கும்" என்று அந்த டூலின் பக்கத்திலேயே அவளுக்குத் திட்டி எழுதினேன். பதிலுக்குத் திட்டுவாள் என்று பார்த்தால், "ரொம்ப நன்றி ஹரி சார், இதை யாருமே சொல்லலை" என்று எழுதி, மறுநாளே எல்லாவற்றையும் ஒரே பட்டனில் அடக்கிவிட்டாள். அமுக்கினேன், வேலை செய்தது, கடையிலேயே கத்திவிட்டேன். ராத்திரி சோறு போடும்போது சொல்கிறாள்: "ஹரின்னு ஒருத்தர்ப்பா, இன்னா பொறுமை தெரியுமா! நீயும் கீறியே." இப்போது எனக்குப் போலந்துக்காரன்மேல் கோபமே இல்லை, மச்சான். இந்த ஹரிப்பயலைத்தான் கண்டாலே பிடிக்கவில்லை.

தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து இந்த வேலையை விடச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம், தங்கச்சிக்கு ஆசிகள், உன் வண்டிக்குக் கொஞ்சம் எண்ணெய்.

இப்படிக்கு,
செம்பியன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஹரிக்கு அவளிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. "பட்டன் வேலை செஞ்சதுல ரொம்ப சந்தோஷம் ஹரி சார். அடுத்த குறையையும் நீங்களே பாத்துச் சொல்லணும். அந்த ஈரத் துண்டை மட்டும் கொடியில போட்டுடுப்பா." நீ வரவேண்டாம், மச்சான். துண்டைக் கொடியில் போட்டுவிட்டேன்.