சிறுநீரகம் காத்த செம்மலுக்குப் பாராட்டு விழா

மனித குலம் தன் சிறுநீரகங்களை இத்தனை காலமும் வெறும் மனிதக் கைகளை நம்பி ஒப்படைத்திருந்தது என்பதை வருங்காலச் சந்ததி நம்பப்போவதில்லை. அந்த இருண்ட காலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவுக்கு வந்தது. அதை முடித்துவைக்கும் பாக்கியம் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் கிடைத்தது.

மாஸ்டர் தன் ஆயுளில் பாதியை அடுத்தவர் தப்பாக ஓட்டும் காரில், பக்கத்து சீட்டில் கழித்தவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவர் உயிர், ஓட்டுகிறவர் உயிர், தெருவில் போகிறவர் உயிர் எல்லாம் அந்தப் பிரேக்கில்தான் இருந்தன. விலாவுக்குக் கீழே வலி என்று போனவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. "கிட்னியையே எடுத்துடலாம், இன்னொண்ணு இருக்கே" என்று ஆரம்பித்த முதல் மருத்துவர், படத்தை மறுபடி பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இன்னொன்று பிறவியிலேயே சூம்பிப்போய், பெயருக்குப் பதவியில் இருந்தது. ஆகவே கட்டி போக வேண்டும். சிறுநீரகம் இருந்தாக வேண்டும்.

 மாஸ்டரின் மனைவி பேச வேண்டிய எல்லாவற்றையும் அவள் தம்பியே பேசினான். புது மாடல் செல்போன் வந்தால் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கும் இனம் அவன். "மாமா, ரோபோ இருக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. மனுஷனே தேவையில்ல. நீங்க படுத்தா போதும், அது பாத்துக்கும்" என்றான்.

அந்த மருத்துவமனையில் நான்கு கைகளோடு ஓர் இயந்திரம் கண்ணாடி அறைக்குள் வீற்றிருந்தது. நிர்வாக இயக்குநர் அதை "அவர்" என்றுதான் குறிப்பிட்டார். அவருக்குக் களைப்பில்லை, கோபமில்லை, முக்கியமாக விடுப்பு கேட்கும் வழக்கமில்லை என்று விளக்கினார். பக்கத்தில் நின்ற அறுவை மருத்துவரை அறிமுகம் செய்ய மறந்துவிட்டார். அதிகம் பேசிப் பழகாத நடுவயதுப் பெண்மணி அவர். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"மெஷின் தானா எதுவும் செய்யாதுங்க. நான் அந்த மூலையில உக்காந்து கையை அசைச்சா, அது உங்களுக்குள்ள அசைக்கும். என் கை நுழைய முடியாத இடத்துக்கு அது நுழையும். அவ்வளவுதான்."

இயக்குநர் இருமினார். இதுபோன்ற உண்மைகள் மருத்துவமனையின் 'பிம்பத்துக்கு' உகந்தவை அல்ல.

மாஸ்டர் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க மூலையில இருந்து ஓட்டுவீங்க, சரி. என் பக்கத்துல யாரு? பிரேக் யாரு கால்ல இருக்கு?"

மருத்துவர் முதல் தடவையாகச் சிரித்தார். "பக்கத்துல இன்னொரு டாக்டர் நிப்பாரு. ஏதாவது ஒண்ணுன்னா எந்திரிச்சு வர எனக்கு ரெண்டு எட்டுதான்."

மாஸ்டர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த இடத்தில்தான் அவர் சம்மதித்தார். நான்கு கைகளைப் பார்த்து அல்ல.

இயக்குநர் இந்த அறுவை சிகிச்சையை ஒரு விழாவாக ஏற்பாடு செய்திருந்தார். அரங்கத்தில் பெரிய திரை, நேரடி ஒளிபரப்பு, தொடங்கிவைக்கச் சிறப்பு விருந்தினர் ஒருவர். விருந்தினர் வரவில்லை. மாஸ்டர் பட்டினி வயிற்றோடு, முதுகுப்பக்கம் திறந்த அங்கியோடு மேஜைமேல் குளிரில் கிடந்தார். விருந்தினர் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. தினமும் மாணவர்களுக்காகத் தெருமுனையில் காத்திருந்து பழகிய மாஸ்டருக்கு, கிளம்பிவிட்டார் என்றால் இனிமேல்தான் குளிப்பார் என்று தெரியும். கூரையைப் பார்த்தபடி கிடந்தவருக்கு மெல்லப் பயம் பிடித்துக்கொண்டது.

மருத்துவர் உள்ளே வந்தார். மாஸ்டரின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஆரம்பிக்கச் சொன்னார்.

"சிறப்பு விருந்தினர் இன்னும் வரலையே, மேடம்" என்றார் இயக்குநர் வாசலில் நின்று.

"பேஷண்ட் வந்துட்டாரே."

மாஸ்டர் கடைசியாகக் கேட்டது அதுதான். மீதியை மனைவி சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டார்.

அவளும் தம்பியும் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் இயக்குநர் வர்ணனை செய்தார். ரத்தக் குழாயைக் கவ்வியால் இறுக்கி மூடியாகிவிட்டது, கட்டியை அறுத்தாகிவிட்டது, இனி சிறுநீரகம் மூச்சுத் திணறிச் செத்துப்போவதற்குள் தைத்து முடிக்க வேண்டும். தைத்தார்கள். கவ்வியைத் தளர்த்தியதும் தையலின் ஓர் ஓரத்திலிருந்து ரத்தம் பீறிட்டுத் திரை முழுவதும் சிவந்தது. "இது எதிர்பார்த்த சிவப்புதான்" என்று இயக்குநர் அறிவித்தார். ஒலிபெருக்கியில் மருத்துவரின் குரல் கேட்டது: "அந்த ஆளை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க." ஒளிபரப்பு நின்றது. திரையில் மருத்துவமனையின் விளம்பரப் பாட்டு ஓடத் தொடங்கியது. சரியாக அப்போது உள்ளே நுழைந்த சிறப்பு விருந்தினர், அதையே அறுவை சிகிச்சை என்று நினைத்துக் கைதட்டினார்.

மாஸ்டரின் மனைவி நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கண்ணை மூடினால் அந்தச் சிவப்புதான் வந்தது. தம்பி செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருவரும் அழுதார்கள்.

வெகுநேரம் கழித்து மருத்துவர் வந்தார். விருந்தினரைத் தாண்டி, நீட்டிய பூங்கொத்தைத் தாண்டி, நேராக அவளிடம் வந்தார். "கட்டியை எடுத்தாச்சும்மா. கிட்னி இருக்கு. வேலை செய்யுது." மாஸ்டரின் மனைவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். 

மாஸ்டர் நடமாடத் தொடங்கியதும் பாராட்டு விழா நடந்தது. இயந்திரத்தைச் சக்கரங்களில் உருட்டி மேடைக்குக் கொண்டுவந்து, நான்கு கைகளிலும் ரிப்பன் கட்டியிருந்தார்கள். "மனிதக் கை படாத மகத்தான சாதனை" என்று இயக்குநர் தழுதழுத்தார். விருந்தினருக்கு 'ஊக்கம்' அளித்ததற்காக நன்றி. இயக்குநருக்குத் 'தொலைநோக்குக்காக' விருந்தினரின் நன்றி. இயந்திரத்தைப் பற்றி முதலில் சொன்னவன் என்று மச்சினனுக்கு மாலை. மாஸ்டருக்கு 'வீர நோயாளி' என்று ஒரு கேடயம். மயக்கத்தில் கிடந்தவர் காட்டிய வீரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

மாஸ்டர் மேடையில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். பிறகு இயக்குநரின் காதருகே குனிந்து, டாக்டரம்மா எங்கே என்று கேட்டார்.

"அவங்களுக்கு இன்னிக்கு உங்களை மாதிரியே ஒரு கேஸ் இருந்துச்சு. மெஷின் விழாவுக்கு வந்துட்டதால தள்ளி வெச்சிட்டோம். அந்த வீட்டுக்காரங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

மாஸ்டருக்கு மேஜையும் கூரையும் குளிரும் ஞாபகம் வந்தன. இறங்கிப் போய்விட வேண்டும் என்று எழுந்தார். நன்றி சொல்லத்தான் எழுந்தார் என்று நினைத்த அரங்கம் இன்னும் பலமாகக் கைதட்டியது. புகைப்படக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். பழக்கதோஷம், மாஸ்டரும் சிரித்துவிட்டார்.

அந்தப் படம் இன்று மருத்துவமனை வரவேற்பறையில் தொங்குகிறது. அதில் எல்லாரும் கும்பிட்டபடி மலர்ந்து நிற்கிறார்கள். தான் செய்யாத வேலைக்குக் கைதட்டல் வந்தபோது கும்பிடாமல், சிரிக்காமல், நான்கு கைகளையும் தொங்கவிட்டுத் தலைகுனிந்து நிற்பது இயந்திரம் ஒன்றுதான்.