அருளப்பன் கண்டக்டரின் சிரிப்பு

கண்ணையன் வரைந்த படத்தில் அருளப்பன் கண்டக்டர், சில்லறை இல்லாத ஆளை நடுவழியில் இறக்கிவிடப் போகிறவர் போல முறைத்துக்கொண்டிருந்தார்.

“யாருங்க இது, இன்ஸ்பெக்டரா?” என்றாள் அவன் மனைவி ரோஜா, காபி டம்ளரை வைத்தபடி.

“ஏன், கண்ணு தெரியலியா? கண்டக்டரு பை மாட்டிக்கினு இருக்கிறது தெரியல?”

கண்ணையன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. திண்டிவனத்தில் போர்டு எழுதுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கத்துவதிலும் கிடையாது.

ஒலக்கூர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கொடுத்த அருளப்பன் போன வருஷம் இறந்துபோனார். மல்லாட்டைக் கடலை மூட்டை, ஆட்டுக்குட்டி, எது ஏறினாலும் சிரித்த முகமாக இடம் பண்ணிக் கொடுத்த மனுஷன். ஒருமுறை கண்ணையனின் பெயின்ட் டப்பா சாய்ந்து அவருடைய காக்கிச் சட்டையெல்லாம் பச்சையாகிவிட்டது. அவர் திட்டினால் பதிலுக்குக் கத்தலாம் என்று கண்ணையன் தயாராகத்தான் இருந்தான். “பரவால்லப்பா, காக்கியப் பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவனுக்கு அவர் என்றால் உயிர்.

ஊர்க்காரர்கள் அவர் பெயரில் பஸ் நிழற்குடை கட்டி, உள்ளே மாட்டப் படம் கேட்டிருந்தார்கள். பொறுப்பை எடுத்துக்கொண்ட அன்புச்செல்வன் கொண்டுவந்து கொடுத்தது அவருடைய அடையாள அட்டையை மட்டும்தான். அதிலும் அவர் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

“வேற போட்டோவே இல்லியாம்ண்ணே. ‘இதுல அச்சு அசலா அப்டியே இருக்காரு’ன்னு சொல்லி, அவரு சம்சாரம் சவுரியம்மா குடுத்தாங்க.”

பாவம், துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று கண்ணையன் நினைத்துக்கொண்டான்.

“ஞாயித்துக்கெழம தெறப்பு விழா. சிரிப்பு வரலன்னா சொல்லிடுங்க, இதையே பெருசாக்கி ஃபிளக்ஸ் அடிச்சிடறேன்” என்றான் அன்புச்செல்வன்.

அப்படிப்பட்ட மனுஷர் காலத்துக்கும் முறைத்துக்கொண்டு தொங்குவதா? கண்ணையனுக்கு மனசு கேட்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அருளப்பன் சிரித்தது போலத் தானே சிரித்துப் பார்த்து வரைய ஆரம்பித்தான்.

அந்தச் சிரிப்பு லேசில் வரவில்லை. வந்தாலும், ஒரு தடவை கத்தினால் போய்விட்டது. திரும்ப வரவழைக்க அரை நாள் ஆனது. அதனால் கத்துவதை நிறுத்தவேண்டியதாயிற்று.

போர்டில் பச்சை சரியில்லை என்று சண்டைக்கு வந்த மளிகைக்கடைக்காரரிடம், “பரவால்லண்ணே, மாத்திக் குடுத்துடறேன்” என்றான். அவர் மிரண்டுபோய், “வேணாம்ப்பா, இதுவே நல்லாத்தான் இருக்குது” என்று போர்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்று குழம்பில் உப்பு கரித்தது. “நல்லாருக்கு ரோஜா” என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான்.

ரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள். “நெசத்தச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம டாக்டர போய்ப் பாத்தீங்களா? என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அந்த ‘அம்மா’வில் அவள் அழுதேவிட்டாள். விஷயம் தெருவெல்லாம் பரவியது. ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரையும் அவன் சிரித்த முகமாக உட்காரவைத்துப் பேசியனுப்பினான். வந்தவர்கள் வெளியே போய், “ரொம்ப முத்திப்போச்சு போலக்கீது” என்றார்கள்.

சனிக்கிழமை அன்புச்செல்வன் வந்து, படத்தையும் கண்ணையனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணே, சிரிப்பு அப்டியே அவருதான். ஆனா மூஞ்சி உங்களுதா இருக்குதே.”

கண்ணையன் பதறிப்போய் மூக்கை அழித்துப் போட்டான்; தன் மூக்கே வந்தது. நெற்றியை ஏற்றினான், மீசையை நரைக்கவைத்தான். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை வேறு எதையும் போட மறுத்தது. கடைசியில், பத்து வருஷம் கழித்து கண்ணையன் எப்படி இருப்பான் என்பது மட்டும் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிழற்குடையில் துணியை விலக்கினார்கள். கூட்டம் படத்தைப் பார்த்தது. பிறகு கண்ணையனைப் பார்த்தது. யாரும் கை தட்டவில்லை.

விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சவுரியம்மாள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணையன் அவரிடம் போய்க் கைகட்டி நின்றான்.

“மன்னிச்சிக்கங்கம்மா. அவரு சிரிப்பு எனக்கு எங்க வரும்? கண்ணாடி முன்னால நின்னு பழகிப் பழகித்தான் வரைஞ்சேன். அதான் என் மூஞ்சி வந்துடுச்சு. வீட்லகூட கத்தாம இருந்து பாத்தேன். வேஷம் போட்ட மாரிதான் இருக்குது.”

ரோஜா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

சவுரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நீயாச்சும் வீட்லயும் கத்தாம இருந்து பாத்தியேப்பா, அவரு தெனம் காலையில எங்கிட்ட ஒரு பாட்டம் கத்தி முடிச்சிட்டு, கண்ணாடி முன்னால நின்னு இந்தச் சிரிப்பப் பழகிக்கினுதான் டூட்டிக்குக் கெளம்புவாரு.”